பதினாறு பச்சை, ஒரு மஞ்சள்

மோதிரம் மாற்றி முடிந்ததும் இரு வீட்டாரையும் மூன்று வரிசையாக நிறுத்தினேன். மொத்தம் பதினேழு பேர்.

கையில் இருந்தது புதுக் கேமரா. ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று கடைக்காரர் தலையில் கட்டியது. எல்லோரும் சிரித்தால்தான் படம் எடுக்குமாம். சிரிக்கிற முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழும், சிரிக்காத முகத்துக்கு மஞ்சள். பொய்ச் சிரிப்பைக்கூடக் கண்டுபிடித்துவிடும் என்றார்.

அப்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. பொய்ச் சிரிப்பைக் கழித்துவிட்டால் போட்டோகிராபர் பிழைப்பில் என்ன மிஞ்சும்?

திரையில் பதினாறு பச்சை. வந்ததிலிருந்து நாற்காலி சரியில்லை, காற்று வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த மாப்பிள்ளையின் அத்தைக்கே பச்சை.

நடுவில் நின்ற பெண்ணுக்கு மட்டும் மஞ்சள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பல்வரிசை பளிச்சென்று தெரிந்தது.

லென்ஸைத் துடைத்தேன். விளக்கை நகர்த்தினேன். கல்யாணத்துக்கு முன்பே நன்றாகச் சிரித்துக்கொள்ளும்படி மாப்பிள்ளைக்குச் சொல்லும் ஜோக்கை எடுத்துவிட்டேன். இருபத்தாறு வருடமாக எனக்குச் சோறு போடும் ஜோக் அது. கூடமே சிரித்தது. அவளும்தான்.

மஞ்சள் அசையவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கால் வலித்திருக்க வேண்டும்.

"என்ன சம்பந்தி, சொந்தப் பொண்ணு நிச்சயத்துலயா கேமரா மக்கர் பண்ணணும்?"

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம், இந்த இடம் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். இதே மாதிரி சிரித்தாள், அவ்வளவுதான். நான் நேராகப் போய் போனை எடுத்து, பெண்ணுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நிச்சயம்தான். வாயைத் திறந்தால் போதும்.

திறந்தேன்.

"புது டெக்னாலஜிங்க. நடைமுறைக்கு ஒத்து வராது."

அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டுப் பழைய கேமராவை எடுத்தேன். அது யாரையும் எதுவும் கேட்காது. ஒரே கிளிக்.

வரிசை கலைந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மாப்பிள்ளையும் போனார்.

அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். "போதும்மா" என்று நான் சொல்லும்வரை அந்தச் சிரிப்பை மாற்றவில்லை.