எதிர்வீட்டுக்காரியை முந்த வேண்டும்

"சர்வீஸ் எல்லாம் அப்புறம் தம்பி. எதிர்வீட்டுக்காரியை முந்தற மாதிரி முதல்ல இந்த வண்டியைத் தேத்திக் குடு" என்றார் பெரியவர்.

கருவிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மின்சாரச் சக்கர நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார் பெரியவர். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, படிய வாரிய தலை. விளையாட்டுக்குச் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மாலையில் பெரியவர் குடியிருப்பின் உள்பாதையில் ஒரு சுற்றுப் போவார். அதே நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரியும் தன் வண்டியோடு இறங்குவாள். தண்ணீர்த் தொட்டி வரை பின்னாலேயே வருவாள். அங்கிருந்து ஒரே வீச்சில் இவரைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, வாயில் இருக்கிற இரண்டு மூன்று பல்லையும் மிச்சமில்லாமல் காட்டிச் சிரிப்பாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் அவளுக்குக் கைதட்டும். வம்சத்திலேயே யாரும் பட்டிராத அவமானம்.

"அந்தம்மாவோட வண்டி என்ன மாடல் ஐயா?"

"மாடலாவது மண்ணாவது. மோட்டாரே கிடையாது. காலால உந்திக்கிட்டே போறா."

தன் தொழிலையே யாரோ கேலி செய்தது போலிருந்தது மெக்கானிக்குக்கு. அவங்களுக்கு என்ன வயசிருக்கும் என்று மெல்லக் கேட்டார்.

"பொம்பளைங்க வயசைப் பேசறது எங்க குடும்பத்துல வழக்கமில்ல" என்று முடித்துவிட்டார் பெரியவர்.

மெக்கானிக் குனிந்து வேலையில் இறங்கினார். முன்சக்கரங்களின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிச் சுற்றிக் குருவிக்கூடு கட்டியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். டயருக்குக் காற்றடித்தார். நாற்காலியின் முதுகில் தொங்கிய பையைத் திறந்தால் குடை, டார்ச், பழைய செய்தித்தாள்கள், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு சுத்தியல்.

"பின்னால இவ்வளவு பாரம் தொங்கினா, சரிவுல ஏறும்போது வண்டி மல்லாந்துடும் ஐயா."

பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சார்ஜ் எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார். நினைத்தபோது அரைமணி நேரம் போடுவதாகப் பெரியவர் ஒப்புக்கொண்டார். அப்படிச் செய்தால் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், ராத்திரி முழுக்கப் போட்டு நிறைய விட வேண்டும் என்றார் மெக்கானிக். தீர்ப்பைக் கேட்பவர் போலப் பெரியவர் தலையசைத்தார்.

அப்போதுதான் கைப்பிடியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மெக்கானிக் கண்ணில் பட்டது. ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து, மேலே டேப்பால் கட்டுப் போட்டிருந்தது.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். போன மாதம் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பி, செருப்பு அலமாரியை அடியோடு சாய்த்துவிட்டாராம். அன்று மருமகள் ஒட்டிய டேப்.

"பிரிச்சிட வேண்டியதுதானே ஐயா?"

"மருமக ஒட்டினதை மாமனார் திருட்டுத்தனமா பிரிக்கறதா? வெளியில தெரிஞ்சா குடும்ப மானம் என்னாகறது? நீ பிரி. நீ வெளியாள்."

"நான் இங்கதான் நிக்கறேன் மாமா" என்றாள் மருமகள், வாசற்படியிலிருந்து. "அந்த வீட்டோட உங்களுக்கு என்ன போட்டி?"

"போட்டி இல்லம்மா. மானம்."

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமலாக இருக்கும் என்று பெரியவர் எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக் சமரசம் பேசினார். ஐயா ஓட்டிக் காட்டட்டும், தேறினால் டேப்பைப் பிரிக்கலாம். கூடத்திலேயே பரீட்சை நடந்தது. பெரியவர் இடுப்புப் பட்டையை மாட்டினார். சோபாவை ஒட்டிப் போனார். குளிர்சாதனப் பெட்டி அருகே வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். வாசல் சரிவில் குறுக்கே போகாமல் நேராக இறங்கி, நேராக ஏறினார். நிறுத்தியதும், யாரும் சொல்லாமலே, முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பட்டையைக் கழற்றினார். செருப்பு அலமாரி நின்ற இடத்தில் நின்றது.

"நேர்ப்பாதையில மட்டும்தான் வேகம். வளைவு வந்தா குறைச்சிடணும். சரியா மாமா?"

பெரியவர் பரம்பரையின் மேல் ஆணையிட்டார். மருமகள் தன் கையாலேயே டேப்பை உரித்து, திருகை நடுவில் வைத்தாள்.

மாலையில் மெக்கானிக் வீட்டுக்குப் போகவில்லை. பெஞ்சில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர்த் தொட்டியருகே பெரியவருக்குப் பின்னால் அவள் வண்டியின் கடகட சத்தம் கேட்டது. பாதை அகலம். இவர் இடப்புறம், அவள் வலப்புறம். பக்கத்தில் வந்துவிட்டாள். பெரியவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டு கைப்பிடியை முன்னால் தள்ளினார். நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. அவளும் விடவில்லை, காலை உதைத்து உதைத்து வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். பாதைக் கோடியின் மதில் வந்தது. பெரியவர்தான் முதல்.

வண்டியை நிறுத்தினார். சுவிட்சை அணைத்தார். மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, தோற்றவளைப் பார்த்து, முதல்முறையாகச் சிரித்தார்.

எதிர்வீட்டுக்காரியின் உதடு பிதுங்கியது. மறுகணம் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு அழுகை. பின்னால் ஓடிவந்த அவளுடைய அம்மா, அவளை நடைவண்டியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்து மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அழாதடி தங்கம். உனக்கு ஒரு வயசு முடியட்டும், அப்புறம் தாத்தாவை ஒரு கை பார்த்துடலாம்."