பாலத்துக்கு அந்தப் பக்கம்

கிராமத்திலேயே வேலை பார்க்கச் சம்மதித்தால் மருத்துவப் படிப்பு இலவசம். ஆனால் அந்தப் பட்டம் அந்த ஊர் எல்லைக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். அப்படிக் கையெழுத்துப் போட்டுப் படித்துத்தான் நிறைமதி பூவாளிக்காட்டுக்கு டாக்டராக வந்திருந்தாள்.

அன்று எல்லைப் பாலத்தைத் தாண்டி நின்ற பஸ்ஸில், டிரைவர் சடையனுக்கு வடை தொண்டையில் அடைத்துக்கொண்டது. கூச்சல் கேட்டு நிறைமதி ஓடினாள். பாலம் முடிந்ததும், எல்லையைக் கண்காணிக்க அவள் மணிக்கட்டில் மாட்டியிருந்த கருவிப் பட்டை சிவப்பாக ஒளிர்ந்து பேசியது. "இங்கே நீங்கள் மருத்துவர் அல்ல. தொட்டால் பட்டம் ரத்து."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியைப் பெருக்கும் செம்பாயி அவளைத் தாண்டி ஓடி, சடையனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றை ஓங்கி அழுத்தினாள். வடைத்துண்டு வெளியே தெறித்தது.

"நீங்க சொல்லிக்குடுத்ததுதானே டாக்டரம்மா? ஏன் நின்னுட்டீங்க?"

ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவித்தபோது தான் நினைத்தது பட்டத்தை மட்டும்தான் என்பது அப்போதுதான் நிறைமதிக்கு உறைத்தது.