ஜன்னல் கட்டில்காரர்

“ஆண்டவரே” என்று மூச்சுக்குள் சொல்லிவிட்டு அவருடைய சட்டைப் பொத்தானில் கை வைத்தாள்.

கன்னியர்கள் நடத்தும் அந்த இல்லத்தில் வேலை செய்பவர்களின் வழக்கம் அது. கைவிடப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவர்கள் யாராக இருந்தாலும், தொடுவதற்கு முன் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஜன்னல் கட்டில்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவரைத் தெருவிலிருந்து தூக்கிவந்த அன்று, அந்த இருமலைக் கேட்டுத்தான் அவள் வாளியைக் கீழே போட்டாள். டெட்டால் தண்ணீர் கட்டில்களுக்கடியில் ஓடியது.

அருவருப்பு என்று நினைத்துக்கொண்டார் சிஸ்டர். வேறு வரிசைக்கு மாற்றட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“அப்போ இந்த முகத்தைப் பாக்காதம்மா. உள்ள இயேசு இருக்காரு, அவரைப் பாரு. கை தானா வேலை செய்யும்.”

செய்தது.

படுக்கைப்புண்ணிலிருந்து பஞ்சை எடுக்கும்போது அது இயேசுவின் முதுகு. வெளிச்சம் மட்டுமே தெரிகிற, பால் படர்ந்த கண்களைத் துடைக்கும்போது அவை இயேசுவின் கண்கள். அவர் கைகளை அப்படி நினைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். அவர் சட்டென்று கையைத் தூக்கினால் அவள் தலை தானாகக் குனிந்துவிடும்.

மற்றக் கட்டில்களில் அவள் பேசுவாள். இங்கே அந்த ஒரு சொல்தான்.

“ஏம்மா, நீ ஊமையா? ஆண்டவரேங்கிறதுக்கு மட்டும் வாய் வருது.”

ஈரத் துணியால் அவர் கழுத்தைத் துடைத்தாள்.

“உங்க ஆண்டவருக்கு முதுகு அரிக்குமா? எனக்கு அரிக்குது. இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அவள் சொறிந்துவிட்டாள்.

பிறகு அவர் குரலில் சிரிப்பு இல்லை.

“எல்லாரும் அவருக்குத்தான் செய்யறீங்க. சாப்பாடு அவருக்கு, துணி அவருக்கு. எனக்குன்னு ஒருத்தரும் இல்ல. இன்னிக்கோ நாளைக்கோ போயிருவேன். எவனோ ஒருத்தன்னு மண்ணுல போட்டுட்டுப் போயிருவீங்க.”

அவர் கை காற்றில் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வெறும் எலும்பு. ஆனாலும் இறுக்கம் குறையவில்லை.

ஆண்டவரே என்று சொல்லப் பார்த்தாள். வரவில்லை. கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் ரப்பர் விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் நல்லவன் இல்லம்மா. அதையாவது யாராவது தெரிஞ்சுக்கணும். யாருன்னு தெரியாமலே சாகப் பயமா இருக்கு. என் பேரு என்னன்னு ஒரு தடவை கேளேன்.”

எதிர் வரிசையில் நின்ற சிஸ்டர், கேள் என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் கேட்கவில்லை.

குனிந்து, அவர் காதோரம், அந்தப் பேரை அவளே சொன்னாள்.

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை, சுட்டதுபோல் விலகியது.

பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் பேருக்கு முன்னால் நிற்பது அந்தப் பேரின் முதல் எழுத்துதான்.