கேன் அக்காவின் நாலு லிட்டர்

பல வண்டிகளின் பாகங்களை வாங்கி வீட்டிலேயே கோத்த கார் அது. அன்றைக்கு அதன் எஞ்சினுக்கு ஆயில் மாற்றும் நாள். நாலு லிட்டர் பிடிக்கும் புது ஆயில் கேன், மூன்று லிட்டர் ஊற்றியதுமே எஞ்சினுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

"போதும் அக்கா," என்றது எஞ்சின்.

"அதெப்படிப் போதும்? உன் வகை எஞ்சினுக்கு நாலு லிட்டர்னு புத்தகத்திலேயே போட்டிருக்கு. வெட்கப்படாம குடி!"

"அது பழைய வண்டியில இருந்தப்போ. இந்த வண்டி குள்ளம்னு என் ஆயில் தொட்டியை வெட்டிச் சின்னதாக்கிட்டாங்க. இன்னும் ஊத்தினா ஆயில் நுரைச்சு, கசியாம அடைக்கிற சீல் பிதுங்கி, நடுரோட்டில நிப்பேன்."

கேனுக்கு முகம் விழுந்துவிட்டது. "மிச்சத்தோட திரும்பிப் போனா என்னை யாரு மதிப்பா?" என்று இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

அளவுக்குச்சி தலையை நீட்டியது. "மேல்கோட்டைத் தொட்டாச்சு. நிமிருங்க அக்கா."

கேன் முணுமுணுத்துக்கொண்டே மூடியைப் போட்டுக்கொண்டு அலமாரிக்குப் போனது. அதன்பின் எஞ்சினோடு பேச்சே இல்லை.

இரண்டு மாதம் ஓடியது. ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. எஞ்சின் தயங்கித் தயங்கி அலமாரியைப் பார்த்தது.

"அக்கா, அன்னிக்கு மிச்சம் இருந்ததே..."

"நாலு லிட்டர்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா!" என்றபடி இறங்கி வந்தது கேன்.