பிரிட்டோவின் வேகம்

வியர்வை சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தான் பிரிட்டோ.

"விமலா, சிங்கவரம் வரைக்கும் ஓடிட்டு வர நேத்தைவிட இன்னைக்கு நேரம் கம்மி! மெட்ராஸ் மாரத்தான்ல முழுசா ஓடி மெடல் வாங்கிடுவேன் பாரு."

"போன மாசம் வரைக்கும் பாதி தூரத்துல ஆட்டோ புடிச்சி வந்தீங்களே?"

"எல்லாம் பயிற்சிதான். வாழைப்பழம், வெந்நீர், ஒழுங்கான தூக்கம்."

"மெடல் வாங்கிட்டா அந்த நாலு மணி அலாரம் நிக்குமா?"

"வாங்கிட்டா நிறுத்திடறேன். வாங்கலன்னா அடுத்த வருசமும் ஓடுவேன்."

விமலாவுக்கு இப்போதே கொட்டாவி வந்தது.

"ஒரே தொல்ல, அந்த ரோட்டு நாய்ங்கதான். கூட ஓடறவங்கள எல்லாம் விட்டுட்டு என்னையே வெரட்டுதுங்க" என்று புலம்பியபடி ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், விமலா சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வந்தாள். கருவாடு ஊறவைத்த தண்ணீரை இரண்டு ஷூவின் அடியிலும் பக்குவமாகத் தடவினாள். பிறகு மெட்ராஸில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டாள்.

"எனக்கு ஒரே டென்ஷனா இருக்குதுக்கா. மாரத்தான் அன்னைக்கு உங்க ஊரு ரோட்டுல நாய்ங்க இருக்குமா, இல்ல புடிச்சிட்டுப் போயிடுவாங்களா?"