அணில் முகர்ந்த செருப்பு

“‘அணில் என் நெருப்பை முகர்ந்தது’ன்னு இருக்குங்க,” என்றாள் மனைவி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தாளைக் கண்ணருகே பிடித்தபடி.

“நெருப்பு இல்ல, செருப்பு.” உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“செருப்புன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சதைச் சொல்லாத, கண்ணுக்குப் படறதை மட்டும் சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க? என் கண்ணுக்கு நெருப்பாத்தான் படுது.”

அவர் எழுத்துரு வரைபவர். ஊரார் புத்தகத்திலும் போனிலும் படிக்கிற எழுத்தில் பாதி தன் கம்ப்யூட்டரில் பிறந்தது என்று சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் கூட்டியே சொல்வார். மனைவி ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். மனசில் இருப்பதைப் படிக்க மாட்டாள், தாளில் இருப்பதைத்தான் படிப்பாள். அந்தக் கண்தான் இப்போது நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது.

டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு வந்த அன்று அவள், “சாப்பிடாமகூட இருந்துடுவேன், படிக்காம எப்படிங்க இருப்பேன்?” என்று கேட்டு அழுதாள். அன்றைக்குப் பிடித்தார் இவர், உடும்புப்பிடியாக. எழுத்தை வெறுமனே பெரிதாக்கிப் பார்த்தார்கள். முழு வார்த்தை அவள் பார்வைக்குள் அடங்கவில்லை. அப்படியானால் அவள் கண்ணுக்கென்றே ஓர் எழுத்துருவை வரைந்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டார்.

வாடிக்கையாளர்கள் போனில் கத்தி ஓய்ந்துபோனார்கள். தாடி கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது, சாப்பாடு கீபோர்டுக்குப் பக்கத்தில் ஆறிக் கிடந்தது. மனுஷன் ‘ச’வின் வயிற்றைத் திறந்தார், ‘ந’வின் வாலை நீட்டினார், கொம்பைக் குட்டையாக்கினார். எதை மாற்றினாலும் இரண்டும் அவள் கண்ணில் ஒன்றாகவே கலங்கின.

சோதித்துப் பார்க்க எப்போதும் ஒரே வரிதான். ‘ஞாயிறு காலை மழை விட்டதும் மாடிப்படி ஏறி வந்த அணில் என் செருப்பை முகர்ந்தது.’ வரியை மாற்றினால் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம் என்று பிடிபடாதாம். மகள் நடை பழகிய காலத்திலிருந்து அந்த அணில் அதே மாடிப்படியை ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். கம்ப்யூட்டர் ஒவ்வோர் எழுத்தையும் அடையாளம் காண்கிற எண்ணைக் கொடுக்க அப்பா மறந்துவிட்டால், எழுத்து வரவேண்டிய இடத்தில் காலிக் கட்டங்கள் அச்சாகும். சின்ன வயதில் அதைப் பார்த்து, “அப்பா ஜன்னல் ஜன்னலா அடிச்சிருக்காங்க,” என்று கைதட்டிச் சிரித்தவள் அவள். வீட்டில் அதற்கு இன்றைக்கும் ஜன்னல் என்றுதான் பேர்.

“போதுங்க,” என்றாள் மனைவி. “எழுத்துல ஒரு குத்தமும் இல்ல. வந்து படுங்க.”

“எழுத்துலதான் குத்தம். உன் கண்ணுல இல்ல. இது கடைசி. இதுவும் ஆகலேன்னா இந்தத் தொழிலையே விட்டுடறேன். உனக்கு ஆகாத எழுத்து எவனுக்கு வேணும்?”

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பழையதை அப்படியே மூடிவிட்டு, புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார். அந்த ஒரு வரிக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் முதலிலிருந்து வரைந்தார். முடித்தபோது திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அதைப் படிக்கிற பொறுமை ஏது, ‘சரி’யை அழுத்தி அச்சுக்கு அனுப்பினார்.

பிரிண்டர் கூடத்தில், அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தாள் வந்து விழும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காதைத் தீட்டினார்.

தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சரசரப்பு கேட்டது. பிறகு அவள் படித்தாள்.

“ஞாயிறு காலை மழை விட்டதும் மாடிப்படி ஏறி வந்த அணில் என் செருப்பை முகர்ந்தது.”

திக்கவில்லை, திணறவில்லை. பழைய நாள் மாதிரி கடகடவென்று படித்தாள்.

“இன்னொரு தடவை படி.”

இன்னொரு தடவையும் படித்தாள். “ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிக்குதுங்க. பளிச்சுனு இருக்கு.”

அவர் ஓடி வந்தார். அவள் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். தாள் அவள் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“நான்தான் சொன்னேன்ல. எழுத்துலதான் குத்தம்னு சொன்னேன்ல.”

“ஆமா, நீங்கதான் சொன்னீங்க.” அவள் அவர் தலையைத் தடவினாள். “இப்பவாவது ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போய்த் தூங்குங்க.”

அந்த நேரம் பார்த்து மகள் வேலை முடிந்து உள்ளே வந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து அழுவதைக் கண்டதும் அவளுக்குப் பகீரென்றது.

“என்னப்பா ஆச்சு?”

“அம்மா படிச்சுட்டா. ஒரு தப்பு இல்லாம படிச்சுட்டா. அந்தத் தாளைக் கொஞ்சம் எடுத்துப் பாரு.”

மகள் குனிந்து எடுத்தாள். ஒரு பக்கத்தைப் பார்த்தாள். திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள்.

“இதுல ஒரு எழுத்துகூட இல்லியேப்பா. பூரா ஜன்னலா இருக்கு.”