ரூத்தாவின் வெள்ளைக் கவுன்

"ரூத்தா, உங்கப்பாகிட்டச் சொல்லு. கவுனைத் தூக்கிப் பிடிக்கணுமாம்."

மூன்று வயது ரூத்தா திரும்பினாள். "அப்பா, கவுனைத் தூக்கிப் பிடிக்கணுமாம்."

அப்பா சியாகி அரை அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.

பத்தொன்பது நாளாக லூப்பே தன் கணவனோடு பேசுவது இப்படித்தான்.

நர்ஸ் ஃபிலோமேனா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சமோவாவில் செய்தி போகப் படகு தேவையில்லை.

முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து. சிவந்து தடித்து, சில இடங்களில் நீர் கசிந்தது.

"எப்ப வந்துச்சு?"

"வெள்ளை ஞாயிறுக்கு முந்தின வாரம். ராத்திரி தூங்க வைக்கும்போது வாழைப்பூ மடலாட்டம் வழவழன்னு இருந்தா. காலைல பார்த்தா இப்படி."

வெள்ளை ஞாயிறு குழந்தைகளின் நாள். வெள்ளை உடுத்தி, தேவாலயத்தில் ஆளுக்கொரு வசனம் ஒப்பிக்க வேண்டும். ரூத்தா தன் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் கழுத்தைப் பிராண்டிக்கொண்டு அழுதாள். நகத்தில் ரத்தம்.

குழந்தை உடம்பில் காரணமில்லாமல் ஒன்று வந்தால், வீட்டில் யாரோ ஒரு தப்பை மூடி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாய்விட்டுச் சொன்னால்தான் இறங்கும். அன்று மாலை ஜெபம் முடிந்ததும், குடும்பத் தலைவரான சியாகியின் பெரியப்பா யாரையும் எழுந்திருக்க விடவில்லை.

"யாரா இருந்தாலும் சொல்லிடுங்க. பிள்ளை துடிக்குது."

பதினோரு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சியாகியின் மடியில் ரூத்தா, இன்னும் கழற்றாத வெள்ளைக் கவுனோடு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிராண்டிக்கொண்டே இருந்தாள்.

"நான்தான்" என்றான் சியாகி.

போன வருஷம் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போன இடத்தில், ஒரு பெண்.

"பேரு?"

குழந்தையின் தலைமேல் கவிழ்ந்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு, "மரியெட்டா" என்றான்.

லூப்பே குழந்தையை அவன் மடியிலிருந்து வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.

மறுவாரமே சபையில் அவனுடைய டீக்கன் பதவி போயிற்று. லூப்பேயின் அண்ணன்மாரிடம் மன்னிப்புக் கேட்க, அவன் அம்மா மூன்று வருஷம் உட்கார்ந்து முடைந்த மெல்லிய பாயும் போயிற்று. ரூத்தாவின் கல்யாணத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த பாய்.

போகாதது அரிப்பு மட்டும்தான்.

"இன்னும் ரெண்டு மூணு பேரு மிச்சம் இருப்பாளுங்க. அவளுங்க பேரையும் சொல்லச் சொல்லு!" என்று சியாகியின் அக்கா கிண்டலடித்த மறுநாள், லூப்பே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரி என்றால் இருப்பதிலேயே நல்ல உடுப்பு. ரூத்தாவுக்கு அந்த வெள்ளைக் கவுன்.

"எக்சிமா" என்றாள் நர்ஸ். "தோல் காய்ஞ்ச பிள்ளைங்களுக்கு வரும். திடீர்னு கிளம்பும், அடங்கும், மறுபடி கிளம்பும். குளிப்பாட்டின ஈரத்தோட இந்தக் களிம்பைத் தடவு. நகத்தை ஒட்ட வெட்டு."

"யாரோட பாவமோன்னு..." லூப்பே இழுத்தாள்.

"பாவமா? தோலும்மா இது, தோலு! யார் மேலயும் தப்பில்ல."

சியாகி கண்ணை மூடிக்கொண்டான்.

நர்ஸ் குழந்தையின் பின்கழுத்தைத் தொட்டாள். "இங்க மட்டும் ஏன் புண்ணே ஆயிருக்கு? கவுன் ஏது?"

"ஆக்லாந்துலேர்ந்து என் தங்கச்சி அனுப்பினது. தினம் ஒத்திகைக்கும் இதைத்தான் போடுவேன்னு அடம்."

"நல்லா அனுப்பினா! இந்தப் புழுக்கத்துக்கு நைலான் லேஸு. பருத்தியா ஏதாவது போடும்மா. இந்தப் பட்டி வேற, ரம்பமாட்டம் அறுத்திருக்கு."

கத்தரிக்கோல் கிறீச்சிட்டது. காலருக்குள் தைத்திருந்த துணிப்பட்டியை வெட்டி லூப்பேயின் உள்ளங்கையில் வைத்தாள்.

கட்டைவிரல் நகமளவு. கவுனைத் தைத்த கம்பெனியின் பெயர். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். முகத்துக்கு நேரே கொண்டுபோனால்தான் எழுத்து தெரியும்.

லூப்பே ஜன்னல் பக்கம் திரும்பிச் சாய்த்துப் பிடித்தாள். உதடுகள் எழுத்துக் கூட்டின.

மரியெட்டா.

மறுபடி கூட்டினாள். அதேதான் வந்தது.

"ரூத்தா, உங்கப்பாகிட்டக் கேளு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

பத்தொன்பது நாளில் முதல் தடவையாக நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படி ஒருத்தி...?"

சியாகி இல்லையென்று தலையாட்டினான்.

"யாராவது சொன்னாத்தான் இறங்கும்னாரு பெரியப்பா. யாருமே சொல்லல, லூப்பே. எங்கிட்டயும் சொல்ல ஒண்ணுமில்ல."

நர்ஸ் களிம்பு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

லூப்பேயின் கை அந்தத் துண்டின்மேல் மூடிக்கொண்டது.

"ஊரு நம்புச்சு, சரி. நான் எப்படி நம்பினேன்?"

ரூத்தா அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

இந்தக் கேள்வியை யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.